காலிக் கட்டடத்தில் இடம் இல்லை

"இது பள்ளிக்கூடமா, சவக்கிடங்கா?" என்றார் தாளாளர் அம்மா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

கல்வி அலுவலகத்துக் குமாஸ்தா அவசரமாக ஜன்னலைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் வரத்து நின்றுபோய், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிக் கட்டடம் அது. அதை ஏதாவது ஒரு தனியார் பள்ளிக்குக் குத்தகைக்கு விடும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. கேட்டு வந்தது ஒரே ஒரு பள்ளி, அதுவும் ஊரிலேயே பேர்போன பள்ளி. அதன் தாளாளர்தான் இப்போது உடைந்த பெஞ்சில் படுத்திருந்த பூனையை முறைத்துக்கொண்டிருந்தார். பூனையும் சளைக்காமல் முறைத்தது.

"எனக்குப் பிடிச்சா மட்டும் போதாது. வர்ற வெள்ளிக்கிழமை டிரஸ்டிங்களைக் கூட்டிட்டு வருவேன். அவங்க முகம் சுளிச்சாங்கன்னா கதை முடிஞ்சுது."

"ஆகட்டும்மா."

"இது கிடைச்சாத்தான் எங்களால புது வகுப்பு திறக்க முடியும். திறந்தா முதல் இடம் உங்க பொண்ணுக்குத்தான். சொன்னேன் இல்ல?"

"ஆகட்டும்மா."

யார் எது சொன்னாலும் அவர் வாயில் வருவது இந்த ஒரு சொல்தான். இல்லை, முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வளைந்ததே கிடையாது. அலுவலகத்தில் அவருடைய பெயரே 'ஆகட்டும்' என்று ஆகிவிட்டது. சம்பளப் பட்டியல் போடுகிறவர்கூட ஒரு கணம் யோசித்துத்தான் நிஜப் பெயரை எழுதுவார்.

நாலு வயது மகளை அந்தப் பள்ளியில்தான் சேர்ப்பது என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். "இடம் இல்லை" என்று அவர்கள் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தமே மாறிப்போயிருந்தது. தாளாளர் கொடுத்த வாக்கைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்த கையோடு சொந்தபந்தம் முழுவதற்கும் போன் போட்டு, மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றும் சொல்லி முடித்திருந்தாள். இனிப் பின்வாங்க வழியே இல்லை.

அன்று மாலையே மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கூட்டங்களுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிற ஆள். விசேஷமே இல்லாத வீட்டிலும் பந்தல் போடவைத்துவிடும் வாய் அவனுக்கு. இருவரும் ஒட்டடை அடித்தார்கள், தரையைக் கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். பூனை மட்டும் இடத்தைக் காலி செய்ய மறுத்துவிட்டது.

"சுத்தமாத்தான் இருக்கு மாமா. ஆனா களை இல்லையே," என்றான் மச்சான்.

"என்ன களை?"

"பிள்ளைங்க சத்தம். சத்தம் இல்லாத பள்ளிக்கூடத்தை எவன் குத்தகைக்கு எடுப்பான்? நாளைக்கு ஒரு ஒத்திகை பார்த்துடலாம். நீங்க கம்முனு இருங்க."

கம்மென்று இருக்கச் சொன்னால் குமாஸ்தாவுக்குச் சொல்லியா தர வேண்டும். மறுநாள் காலை மச்சான் மணி அடித்தான். ஆளுக்கு ஒரு மிட்டாய் என்று தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் உள்ளே ஓட்டி வந்தான். ஒரு வகுப்பில் பாட்டு, ஒரு வகுப்பில் அடிதடி. நிஜப் பள்ளிக்கூடம் தோற்றது. வாசலில் நின்று அதைக் கேட்டபோது குமாஸ்தாவுக்கே உடம்பு சிலிர்த்தது.

பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அம்மாக்கள் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

"அட, பள்ளிக்கூடத்தைத் திறந்துட்டீங்களா? சொல்லவே இல்லையே."

"அது வந்து... இன்னும்..."

"என் பையனைச் சேர்த்துக்குவீங்கல்ல?"

"ஆகட்டும்" என்பது அவரை அறியாமலே வந்துவிட்டது. ஒருத்தியிடம் சொன்னதை இன்னொருத்தியிடம் மறுக்க முடியுமா? எல்லாரிடமும் சொன்னார். மத்தியானத்துக்குள் பிறப்புச் சான்றிதழும் கையுமாக ஒரு கூட்டம் வாசலில் நின்றது.

அலுவலகத்தில் அதிகாரியிடம் பட்டும் படாமலும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "சும்மா ஒரு சந்தேகம் சார். மூடின பள்ளியில பிள்ளைங்களைச் சேர்க்கணும்னு ஜனங்க கேட்டா என்ன சார் செய்யறது?"

"திறந்துதான் ஆகணும். விதி அப்படி. அப்புறம் குத்தகைங்கிற பேச்சுக்கே இடம் கிடையாது." அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், எவனாவது கேட்டானா?"

"ஐயோ, இல்ல சார்."

அந்த "இல்ல"வைச் சொல்லவே அவருக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். வீட்டுக்கு வந்தால் மகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடை பழகிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

"வாயால சொல்ல வரலைன்னா போர்டுல எழுதி மாட்டுங்க மாமா," என்று மச்சான் யோசனை சொன்னான். "'சேர்க்கை முடிந்தது. இடம் இல்லை.' படிச்சுட்டுப் போயிடுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டிவிட்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் போய்ப் பார்த்தால், வரிசை தெருமுனையைத் தாண்டித் திரும்பியிருந்தது. நேற்று நின்றவர்கள் நடந்து வந்தவர்கள் மட்டும்தான். இன்று காரில் வந்தவர்களும் நின்றார்கள்.

"அதான் இடம் இல்லைன்னு போட்டிருக்கே, படிக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"படிச்சுட்டுத்தான் சார் வந்தோம்," என்றார் முன்னால் நின்ற ஒருவர். "திறக்கறதுக்கு முன்னாடியே இடம் இல்லைங்கறாங்கன்னா, எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடமா இருக்கும்."

"இது அரசுப் பள்ளிக்கூடம்ங்க. காசே வாங்க மாட்டாங்க."

"காசு கொடுத்தாலும் இடம் கிடைக்காதாம்," என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். செய்தி வரிசையின் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. மத்தியானத்துக்குள் கவுன்சிலரிடமிருந்து ஒரு சிபாரிசு வந்தது.

குமாஸ்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று, "நுழைவுத் தேர்வு உண்டு. ரொம்பக் கஷ்டமான தேர்வு. பெரியவங்களே தேற மாட்டாங்க," என்று அவிழ்த்துவிட்டார். கூட்டம் சட்டென்று கலைந்தது. அப்பாடா என்று அவர் படியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் எதிர்ப்பக்கக் காலி மனையில் பந்தல் எழும்பியது. 'நுழைவுத் தேர்வுக்குச் சிறப்புப் பயிற்சி' என்று பெரிய துணி தொங்கியது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மச்சான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயுமாடா?" என்றார் குமாஸ்தா.

"நான் பந்தல் மட்டும்தான் மாமா. பாடம் நடத்தறது மருந்துக்கடைக்காரர்."

"என்ன பாடம்டா? தேர்வே கிடையாதே."

"அதனாலதான் எல்லாப் பாடமும் நடத்தறார்."

வெள்ளிக்கிழமை வந்தது. பயிற்சி முடித்த பிள்ளைகளும் பெற்றவர்களுமாக வரிசை இரண்டு தெருவுக்கு நீண்டு நின்றது. தாளாளரின் கார் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வர வெகுநேரம் பிடித்தது. பின்னாலேயே, யாரோ புகார் சொல்லி, அதிகாரியின் ஜீப்பும் வந்தது.

தாளாளர் அம்மா இறங்கி, டிரஸ்டிகளோடு வரிசையை ஒட்டியே நடந்து வந்தார். அவர் கிட்டே வர வர, வரிசையில் ஒருவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார். ஒருவர் கைப்பையை முகத்துக்கு நேரே தூக்கினார். ஒரு அம்மாள் பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார் குமாஸ்தா. தாளாளரின் முகம் மட்டும் நடக்க நடக்கக் கறுத்தது. கட்டடத்துக்குள் அவர் காலே வைக்கவில்லை. திரும்பி நடந்து காரில் ஏறிக்கொண்டார்.

"அம்மா, உள்ளே ஒருதரம் பார்த்துட்டு..." என்று ஓடினார் குமாஸ்தா. கதவு சாத்தப்பட்டது.

அதிகாரி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "என்னய்யா இது?"

"சார், நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன்..."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்துடு. குத்தகைப் பேச்சு இனி வேண்டாம். இத்தனை பேருக்கு இந்தக் கட்டடம் போதாது, பக்கத்துல வேற கட்டடம் கிடைக்குமான்னு பாரு."

"ஆகட்டும் சார்."

ஜீப் போயிற்று. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். குமாஸ்தா மட்டும் கைதட்டவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் இடம் வாங்கிக் கொடுத்தாயிற்று, பெற்ற பெண்ணுக்கு அந்தப் பேர்போன பள்ளியில் ஓர் இடம் பிடிக்கத் துப்பில்லை. வீட்டில் என்ன முகத்தோடு போய் நிற்பது? பையை மாட்டிக்கொண்டு நடை பழகும் அந்தக் குழந்தையிடம் என்னத்தைச் சொல்வது? நிஜமாகவே அழுகை வந்தது. படியில் உட்கார்ந்து, பூனைக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டார்.

"சார்."

நிமிர்ந்து பார்த்தார். தாளாளரின் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கார் தெருமுனையில் நின்றது.

"இன்னும் என்னப்பா? திட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லை சார்," என்று டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "வரிசையில நிக்கிறது முக்கால்வாசியும் எங்க பள்ளிக்கூடத்துப் பெத்தவங்கதான், இனி எங்க கட்டடம் காலியாத்தான் கிடக்கும், அதை உங்க ஆபீஸ் குத்தகைக்கு எடுத்துக்குமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, எடுத்துக்கிட்டா உங்க பொண்ணை அங்கேயே உட்காரவெச்சுக்கலாமாம்."