ஆகாயக் கப்பலுக்கு ரெண்டு புத்தகம்

சாவதற்குள் ஒரு தடவையாவது பெண்டாட்டியை ஜெயித்துவிட வேண்டும் என்று எபனேசர் தீர்மானித்தான். பூமியில் அதற்கு வழியில்லை என்பது கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று. ஆகவே ஆகாயத்தில் ஜெயிப்பது என்று முடிவு.

ஆகாயம் அவன் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. எபனேசர் தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது வேலை. எழுபத்தெட்டு ஐப்பசியில் உரம் கொண்டுவந்த ஒரு கப்பல், மழையில் இறக்க முடியாமல் பதினோரு நாள் சும்மா நின்றது. அதிலிருந்த வெள்ளைக்கார ரேடியோ ஆபீசர் பொழுதுபோகாமல் எபனேசருக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்து, போகும்போது பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பலகை கிடையாது, காய் கிடையாது. மூன்று சின்னப் புத்தகம், ரெண்டு பகடை, அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் எல்லாரும் விண்வெளிக் கப்பல்காரர்கள். நடுவர் ஒருத்தர், "இன்ன நட்சத்திரத்தில் இறங்கியாச்சு, எதிரே இன்னது நிற்கிறது" என்று கதை விடுவார். என்ன செய்வோம் என்று இவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, கறிச்சோறும் முடிந்து ஆட்டம் தொடங்கும். பகடை உருளும் சத்தம் கேட்டால் சூதாட்டம் என்று சபைக்கே சொல்லிவிடுவார் பக்கத்து வீட்டு உபதேசியார்; அவர் காதில் விழக்கூடாதென்று பாய்க்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் பாப்பாவின் மெத்தை. எபனேசர் நடுவர். அவனோடு வேலை பார்க்கிற சுந்தர்சிங்கும், எதிர்வீட்டு மளிகைக்கடை செந்தூர்பாண்டியும் கப்பல்காரர்கள். ஆள் குறைந்தது. அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற பெண்டாட்டி ஜெபசெல்வியை, போனால் போகிறது என்று சேர்த்தான். அன்றோடு சனியன் பிடித்தது.

"எட்டுக் கால், மூணு வாய், யானை கணக்கா ஒரு மிருகம் உங்கள நோக்கி ஓடி வருது!" என்று எபனேசர் உறுமினான்.

சுந்தர்சிங் துப்பாக்கி எடுத்தான். செந்தூர்பாண்டி மரத்தில் ஏறினார்.

"பொறுங்க," என்றாள் ஜெபசெல்வி. "அது பால் குடுக்குமா?"

"என்னளா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. பால் குடுக்குமா, குடுக்காதா?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பகடை உருண்டது. ஆறும் ஆறும் பன்னிரண்டு. குடுக்கும்!

அடுத்த மாதத்தில் ஜெபசெல்வியின் கப்பல் ஏழு நட்சத்திரத்துக்கு நெய் சப்ளை செய்தது. எபனேசர் கொள்ளைக்காரர்களை அனுப்பினான். "சாப்பிட்டு எத்தன நாளாச்சுப்பா?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டாள். கொள்ளைக்காரர்கள் இப்போது அவள் கப்பலில் எட்டுக்காலிக்குப் புல் அறுக்கிறார்கள். சுந்தர்சிங் டிரைவர். செந்தூர்பாண்டி ஸ்டோர் கீப்பர்.

"மைனி கப்பல்ல வேல பாக்குதது கவர்மெண்ட் உத்தியோகம் மாதிரி அண்ணாச்சி," என்று சுந்தர்சிங் பூரித்தான்.

எபனேசர் அன்றைய ஆட்டத்தை அத்தோடு முடித்தான்.

மாசியில் அதே கப்பல் திரும்ப வந்தது. ரேடியோ ஆபீசர் டைப் அடித்த ஒரு பட்டியலை ரெண்டு பிரதியாகத் தந்தார். விளையாட்டுக்குத் துணைப் புத்தகங்கள் வந்திருக்கின்றனவாம். மொத்தம் ஐந்து. போர்க்கப்பல்கள், கொள்ளைக் கூட்டங்கள், வியாபாரச் சரக்குகள், விலங்குகள், நட்சத்திர வரைபடம். அடுத்த நடையில் ரெண்டே ரெண்டு தன் அன்பளிப்பாகக் கொண்டுவருவதாகச் சொன்னார். வேண்டியதற்கு டிக் போட்டு, கப்பல் கிளம்புமுன் கொடுத்துவிட வேண்டும்.

எபனேசருக்கு யோசனையே தேவைப்படவில்லை. போர்க்கப்பல்கள், கொள்ளைக் கூட்டங்கள். நாற்பது பீரங்கிக் கப்பல் சுற்றிவளைத்தால் எத்தனை பேருக்குத்தான் சோறு போடுவாள்?

"போர்க்கப்பல வச்சி நாக்கு வழிக்கவா?" என்றாள் ஜெபசெல்வி. "சரக்குப் புத்தகம் வேணும். எந்த ஊர்ல எது ஓடும்னு தெரியாம எத்தன நாளைக்கு நெய்யவே தூக்கிட்டு அலைய? இன்னொண்ணு விலங்கு. எட்டுக்காலிக்குச் சினை பிடிக்கிற மாசம் எதுன்னு பாக்கணும்."

"நடுவர் நானா நீயா?"

"நீங்கதான். யாரு இல்லேன்னா? பாப்பா மூக்கத் தொடச்சி விட்டுட்டு நடுவரா இருங்க."

துடைத்துவிட்டான். துடைக்கும்போதே திட்டம் உதித்தது. பட்டியல்தான் ரெண்டு பிரதி இருக்கிறதே!

"சரி, நீ சொல்லுதபடியே ஆகட்டும்," என்று ஒரு பிரதியில் அவள் கண்முன்னே சரக்குக்கும் விலங்குக்கும் டிக் போட்டான். பழுப்புக் கவரில் வைத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். ஆபீசருக்கென்று வாங்கிய மக்ரூன் டின்னுக்குள் கவரை வைத்து அவளே மூடினாள்.

அவள் மாவாட்டப் போன சமயம் இன்னொரு பிரதியை எடுத்தான். போர்க்கப்பலுக்கு ஒரு டிக். கொள்ளைக் கூட்டத்துக்கு ஒரு டிக். அதே மாதிரிப் பழுப்புக் கவர், அதே சோற்றுப் பருக்கை. ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் பைக்குள் போட்டு பொத்தானும் மாட்டினான். துறைமுகத்தில் வைத்துக் கவரை மாற்றிவிட்டால் முடிந்தது காரியம்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஜெபசெல்வி கரி இஸ்திரிப்பெட்டியால் அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்ச்ச சட்டதானளா அது?"

"கப்பலுக்குள்ள போறிய. வெள்ளக்காரன் முன்னால கசங்கின சட்டயோட நிப்பியளா?"

பிடுங்கி மாட்டிக்கொண்டு பையைத் தொட்டுப் பார்த்தான். கவர் இருந்தது. ஒட்டினது ஒட்டினபடி, பொத்தான் மாட்டினது மாட்டினபடி. கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

கப்பலடியில் உப்பு மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கி டின்னைத் திறந்தான். உள்ளிருந்த கவரை எடுத்து நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்துக் கடலில் போட்டான். பையிலிருந்த கவரை டின்னுக்குள் வைத்தான். டாலி கிளார்க்குக்கு மூட்டையை எண்ணுவதுதான் வேலை. உள்ளே இருப்பது உரமா செம்மண்ணா என்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் அந்தத் தொழிலிலேயே கிடையாது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. டாலி சரி.

அடுத்த நாலு மாதம் எபனேசர் மாதிரி ஒரு நல்ல புருஷனைத் தூத்துக்குடியிலே யாரும் பார்த்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நெய் விற்றதை எல்லாம் சிரித்த முகத்தோடு அனுமதித்தான். "வித்துக்கோ, வித்துக்கோ," என்றான். "உன் கப்பலுக்கு நல்ல காலம் வருது ஜெபா."

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்," என்றாள் அவள்.

ஆனியில் கப்பல் வந்தது. பார்சலைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் முகம் போகிற போக்கைக் கூட்டாளிகளும் பார்க்க வேண்டுமே! ஜமுக்காளத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்து, கயிற்றை அறுத்தான்.

முதல் புத்தகம், வியாபாரச் சரக்குகள்.

சரி, அடியில் இருக்கும். ரெண்டாவது, விலங்குகள். அட்டையில் எட்டுக்காலி ஒன்று அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"ஏமாத்திட்டாம்லே!" என்று கத்தினான் எபனேசர். "வெள்ளக்காரன் மாத்திக் கொண்டாந்துட்டான்!"

"அந்த மனுசன ஏன் வையுதிய?" என்றாள் ஜெபசெல்வி, பாப்பா வாயிலிருந்து பகடையைப் பிடுங்கியபடி. "உங்க கையால எதக் குடுத்தியளோ அதத்தான கொண்டாந்திருக்காரு?"

"இல்ல... நான் குடுத்தது..."

பாதியில் நிறுத்தினான். முழுசாகச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் புத்தி போகும்.

"சட்டப் பையில இருந்தது டின்னுக்குள்ள போச்சு. டின்னுக்குள்ள இருந்தது கடலுக்குப் போச்சு. அதத்தான சொல்ல வாரிய?"

"ஒனக்கு... எப்படி?"

"உங்க சட்டயத் தோய்க்கிறது யாரு? தேய்க்கிறது யாரு? பருக்கை காயாம பை பிசுபிசுன்னு இருந்துச்சு. அதான் ரெண்டு கவரையும் அங்கன இருந்தத இங்கனயும், இங்கன இருந்தத அங்கனயும் வச்சேன். நீங்க யோக்கியமா இருந்திருந்தா உங்க போர்க்கப்பல்தான் வந்திருக்கும்."

செந்தூர்பாண்டி சிரித்த சிரிப்பில் பாப்பா பயந்து அழுதது. சுந்தர்சிங் மெத்தையில் புரண்டான். உபதேசியார் வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

எபனேசர் பெட்டியை மூடினான். "இனிமே நான் நடுவர் இல்ல. நீயே வச்சுக்கோ ஒன் ஆகாயத்த."

"அப்படியெல்லாம் கோவிச்சுக்கக் கூடாது," என்று ஜெபசெல்வி அவன் பக்கம் சுண்டல் தட்டைத் தள்ளினாள். "சரக்குப் புத்தகம் வந்தாச்சுல்லா, எங்க கப்பலுக்கு ஒரு டாலி கிளார்க் வேணும். வாரியளா? ஆனா கவரத் திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."