இல்லாத விவசாயியைத் தேடிப் போனவர்

நெய்வேலியில் சுரங்க இயந்திரங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் தோண்டியவர் எங்கள் கல்லூரி ‘அடிக்குறிப்பு’ சார்தான். பொருளாதாரத் துறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. எதைச் சொன்னாலும், “எங்க போட்டிருக்கு?” என்பார். என் கல்யாண நாள் என்று லட்டு நீட்டியபோதும் அதையே கேட்டார். கேட்டுவிட்டுத்தான் தின்றார்.

செயற்கை நுண்ணறிவு வந்தது. மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகள் திடீரென்று எங்களைவிட நன்றாகப் பேச ஆரம்பித்தன. நாங்கள் பூரித்துப்போனோம். சார் மட்டும் கடைசிப் பக்கத்து நூல்பட்டியலோடு கடலூர், சிதம்பரம் என்று நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார்.

“புத்தகமும் பொய், எழுதுனவனும் பொய். பக்க எண் மட்டும் எவ்ளோ பொறுப்பா போட்டிருக்கு பாருங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து, செல்வி என்ற மாணவியின் ப்ராஜெக்ட். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களைப் பற்றியது. அதில் கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவரின் பேட்டி. படித்த எனக்கே கண் கலங்கிவிட்டது. சார் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த விவசாயியைப் பார்க்கவே போய்விட்டார்.

மறுநாள் என்னிடம் சொன்னார்: “அப்டி ஒரு ஆளே இல்ல சார். நெலம் போனவங்க வூடுன்னு ஒண்ண காட்டுனாங்க. உள்ள போனா, எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்குது செல்வி!”

மூலையில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தாராம்.

“இவர கேட்டிருக்கலாமேம்மா?”

“அப்பாக்கு அழகா பேச வராது சார். ஏஐ நல்லா அழுதுச்சு.”

சார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனாலும் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. “நெலம் எடுக்குற இங்கிலீஷ் அறிவிப்பு புரியலையா, அதக் கேளு. சொன்னத நீயும் சரிபாரு. எழுத்துப் பிழையும் பாக்கச் சொல்லு. உங்கப்பா சொல்றத மட்டும் உங்கப்பாவே சொல்லட்டும். எதுக்கெல்லாம் பயன்படுத்துனன்னு கடைசியில எழுதிடும்மா” என்றார்.

செல்வி திரும்ப எழுதினாள். அப்பாவின் பேட்டி இவ்வளவுதான்: “இன்னாத்த சொல்றது. ஏர் ஓட்டிகினு இருந்தேன். இப்ப சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட்ல போயிகினு இருக்கேன். என் கொல்லை நெலம் இருந்த எடத்துலதான் வேல.”

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “ஏஐ யூஸ் பண்ணேன்னு அவங்களே எழுதியிருக்காங்களே!” மதிப்பெண்ணை வெட்டினார். மூச்சுக்காட்டாமல் மறைத்தவர்கள் அத்தனை பேருக்கும் பாராட்டு. சார் தொண்டை வறளக் கத்தினார். துறைத்தலைவர், “விடுங்க சார், அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார்.

செல்வி அழவில்லை. “உண்மைய எழுதுனதுக்குத்தான சார்?” என்று மட்டும் கேட்டாள். சார் அவளுடைய ப்ராஜெக்ட்டை வாங்கி, அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார்.

இந்த ஆண்டு அவருக்கு ப்ராஜெக்ட் வழிகாட்டும் பொறுப்பே தரவில்லை. என் மாணவர்களுடையதை நான்தான் யாருக்கும் தெரியாமல் அவரிடம் நீட்டுகிறேன். மாணவர்களோடு சேர்த்து என்னையும் திட்டித்தான் திருப்பித் தருகிறார். அந்தத் திட்டு வாங்காமல் கையெழுத்துப் போட எனக்கு இப்போதெல்லாம் மனசு வருவதில்லை.