எண்பது பக்கத்தில் ஒரு சான் ஹோசே

சான் ஹோசே நகரத்தில் எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்று இன்றைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. ஏன் போகவில்லை என்பது மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். உங்களிடம் மட்டும் மறைப்பானேன்?

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கலா அக்கா கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்காவில் அந்த சான் ஹோசேவுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் நானும் ஒரு மாதம் வந்து தங்கிவிட்டுப் போகவேண்டும் என்று போனில் கூப்பிட்டாள். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி.

"ஊரு எப்பிடிம்மா இருக்குது?" என்றார்.

"எப்பவும் நல்ல வெயில்பா."

"அப்போ உப்பு நல்லா விளையுமே!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏம்பா, அது டெக்னாலஜி ஊரு. அங்க கம்ப்யூட்டர் சிப்பு பண்றாங்க. உப்பு இல்ல." (ஆறு மாத டிப்ளமோ முடித்த கொழுப்பு.)

அன்றிலிருந்து பயண ஏற்பாடு என் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். அங்கே ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படித் திறந்த ஒவ்வொரு படத்தையும் வாயைப் பிளந்து பார்த்தேன். என்ன ஊர்! ஓட்டுகிறவர் நிறுத்தாமலே டிராம் தானாக நேரத்துக்கு நிற்கும் என்று நம்பினேன். கம்பெனி வாசல்கள், மியூசியங்கள், மாலை நேரக் கல்லூரிகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். அரைமணிக்கு ஒரு வேலை என்று முப்பது நாளுக்கும் அட்டவணை போட்டேன். மொத்தம் எண்பது பக்கம்.

அப்பாவுக்கும் பாடம் நடத்தினேன். கேட்டால் இதைச் சொல்லணும், அதைச் சொல்லக்கூடாது என்று எழுதிக் கொடுத்த தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு சரி.

சென்னையில் விசா நேர்காணல். இருவரும் ஒரே ஜன்னலுக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். முதலில் அப்பா.

"எதுக்குப் போறீங்க?"

"பொண்ணு இருக்குதுங்க. பாத்து மூணு வருஷம் ஆச்சு."

"திரும்பி வருவீங்களா?"

அப்பா சிரித்தே விட்டார். "வராம? மழைக்கு அளத்துல வேலை இல்லைன்னுதாங்க இப்போ போறேன். தை பொறந்தா பாத்தி மிதிக்கணும். ஈரத்துல மிதிச்சி தரையைக் கெட்டியாக்குனாத்தான் உப்பு வெள்ளையா வரும். நான் இல்லைன்னா எவனும் ஒழுங்கா மிதிக்கமாட்டான்."

அந்த அம்மா தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்து நான்.

"ஐ வில் ஆன்சர் இன் இங்கிலீஷ், மேடம்." (யார் கேட்டார்கள்?)

அங்கே என்ன செய்யப்போகிறாய் என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் ஃபைலைத் திறந்தேன். ஆறாம் நாள் மியூசியத்தை நான் தாண்டும்போது, பின்னால் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது. பக்கத்தைப் புரட்டிய வேகத்தில் ஒரு தாள் நழுவிக் கண்ணாடியில் ஒட்டியது போல் நின்றது. வாடகைக்கு விடப்படும் ஒற்றை அறை வீடுகளின் பட்டியல். படம் அழகாக இருந்ததே என்று எடுத்து வைத்திருந்தேன், சத்தியமாக.

"ஒரு மாசம் போறதுக்கு வாடகை வீடு எதுக்கு?" அந்த அம்மா தமிழுக்கு மாறினார்.

மனப்பாடம் செய்த இங்கிலீஷ் அத்தனையும் காற்றில் போய், உள்ளத்தில் இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"அப்பேர்ப்பட்ட ஊரு மேடம்! போனா திரும்பி வர யாருக்கு மனசு வரும்?"

அப்பாவுக்கு விசா கிடைத்தது. எனக்கு என் எண்பது பக்கமும் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தது.

வெளியே வந்ததும் அப்பா, "நானும் போகலடா," என்றார். அக்கா ஏமாந்து போவாள் என்று கெஞ்சித்தான் அனுப்பி வைத்தேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாத மனிதர், அக்காவின் போன் நம்பர் எழுதிய ஒரு துண்டுத் தாளோடு, தனியாகக் கடல் தாண்டிப் போனார். ஃபைலைக் கையால் கூடத் தொடவில்லை. சொன்னபடி தை பிறக்குமுன் திரும்பினார்.

"ஊரு எப்பிடிப்பா?"

"தங்கமான ஊருடா. பிளேன் இறங்கச்சொல்லவே பாத்தேன், கீழ அவ்ளோ பெரிய உப்பளம்! ரோசா கலர்ல தண்ணி, கட்டம் கட்டமா பாத்தி. மறுவாரமே கலாவைக் கூட்டிக்கினு போயி வேலியோரம் நின்னு பாத்துட்டேன். நீ எண்பது பக்கம் எழுதினியே, அதுல இது இல்லியேடா."

இல்லைதான். இன்றைக்கு எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சட்டை எடுக்கப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினால் கூட, என் மகள் முந்திக்கொண்டு வெளியே போய் வாசல் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, "திரும்பி வருவீங்களா?" என்று கேட்பாள். அப்பா உள்ளேயிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். "தையில பாத்தி மிதிக்கணும்ங்க, வந்துடுவேன்" என்று உரக்கச் சொன்னால்தான் கதவு திறக்கும்.