நாற்பத்தோராவது கருத்து

எம். புதுப்பட்டி கல்யாண மண்டபத்தில் நாற்பது நாற்காலி போட்டாயிற்று, மைக் செட் வந்தாயிற்று, பொதுமக்களைத்தான் காணவில்லை. மாவட்டத் தொழில் திட்டத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் அது. அரசுப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று குடிமக்களே சொல்லலாம். ஆனால் தீபாவளி சீசனில், புதன்கிழமை பதினொரு மணிக்கு, எந்தக் குடிமகன் வேலையை விட்டுவிட்டு வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டியவர் சங்கரபாண்டியன். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் உதவியாளர், இந்த இருக்கைக்கு மாறி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது கருத்துகள் அச்சுக்குப் போயாக வேண்டும். தவறினால் மெமோ. மெமோ வந்தால் அடுத்த மாதம் வரவிருக்கும் பதவி உயர்வு அம்போ.

பட்டாசு ஆலை முதலாளி லட்சுமிகாந்தத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். அவரும் அரை மணி நேரத்தில் லோடு வேனில் நாற்பது பேரை அனுப்பிவைத்தார், கூடவே சூப்பர்வைசர் பாண்டியையும்.

முதல் ஆள் மைக்கைப் பிடித்து, பட்டாசுக்கு வரியைக் குறைக்க வேண்டும் என்றார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். பதினேழாவதாக வந்த பெண் பாதியில் மறந்துபோய்ப் பாண்டியைப் பார்க்க, பாண்டி உதட்டை அசைத்துக் காட்டினார். நாற்பது படிவத்திலும் ஒரே வாக்கியம்.

அதிகாரி ஸ்ரீராம்குமார் படிவங்களைப் புரட்டிவிட்டு, நாற்பது பேருக்கு ஒரே வாய் இருக்க முடியுமா என்று கேட்டார். பல தரப்பு மக்களும் பேசியிருக்க வேண்டுமாம்.

மறுநாள் சங்கரபாண்டியன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவித்தார். ஆள் சேரட்டும் என்று டீயும் வடையும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டார். மண்டபம் தாங்கவில்லை. பட்டா, ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திய வேலி என்று நூற்றுப்பத்து மனுக்கள் குவிந்தன. பொருளாதாரம் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர்தான். வடை வரவர சிறுத்துக்கொண்டே போகிறது என்பது அவர் கருத்து.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே என்று நொந்துகொண்டு, அன்று மாலை வெற்றுப் படிவங்களோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். வேலை விட்டு வந்த பெண்கள் அலுமினியப் பொடி படிந்து, தலையிலிருந்து கால்வரை மினுங்கினார்கள். பாண்டியின் உதட்டைப் பார்த்துப் பேசிய பெண்ணும் நின்றிருந்தாள். பெயர் கருப்பம்மாள்.

"ஏம்மா, நேத்து வரியக் கொறைக்கணும்னு சொன்னீகளே, நெசமா ஒங்களுக்கு என்ன வேணும்?"

"சொன்னா வேலைக்கு வேட்டு வந்துராதுல்ல சார்?"

பெயர் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

"கம்பெனியிலயே மேல் கழுவ ஒரு ரூம் வேணும் சார், மாத்துச்சேலை வைக்க ஒரு எடம். இந்த மேனிக்கே வீட்டுக்குப் போனா எம் புள்ள ஓடியாந்து காலக் கட்டிக்கிடுது. கிட்ட வராதன்னு தெனமும் அத வெரட்ட வேண்டியிருக்கு."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். பதினெட்டு வருடச் சர்வீசில் எவ்வளவோ எழுதியிருக்கிறார். எழுதும்போது கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

அதிகாரிக்குக் கலங்கவில்லை. பெயர் இல்லாத கருத்து குடிமகன் கருத்தாகாது என்று தள்ளிவிட்டார். பெயர் போட்டால் அவள் வேலை போகும். அப்படியானால் என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார் சங்கரபாண்டியன். அரசு ஊழியர் பொதுமக்களில் சேர்த்தி இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் பழைய நாற்பதையே வார்த்தை மாற்றி எழுதும்படி உத்தரவாயிற்று. வெள்ளிக்கிழமை மதியம்வரை உட்கார்ந்து, ஒரே வரியை நாற்பது விதமாகக் குறைத்தார்.

அச்சுக்குக் கொடுக்கத் திருத்தங்கலுக்குப் போனவரும் அவர்தான். சட்டைப் பையில் கருப்பம்மாளின் படிவம் இருந்தது. பஸ்ஸில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். இதைச் சேர்த்தால் மெமோ நிச்சயம். சேர்க்காவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? பதவி உயர்வு போனால் போகட்டும், இந்த அலுவலகத்தில் ஒருவனாவது துணிய வேண்டாமா என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினார். நடையில் ஒரு மிடுக்குக்கூட வந்துவிட்டது.

அச்சகத்தில் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் நாகஜோதியிடம் படிவக் கட்டைக் கொடுத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாலாக மடித்த படிவத்தை மேசைமேல் நகர்த்தினார். இதை நாற்பத்தோராவதாகச் சேர்த்துவிடம்மா, யாருக்கும் தெரிய வேண்டாம், வருவது வரட்டும் என்றார்.

நாகஜோதி படிவத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத டைப் அடிக்கவே வேண்டாம் சார், ஒங்க சீட்டுல முன்னாடி இருந்த மூணு சார்மாரும் வருசா வருசம் இதையேதான் யாருக்கும் தெரியாமக் கொண்டாந்து குடுத்தாக, நானும் சேத்து அடிச்சுத்தான் அனுப்புறேன், பக்கம் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்கு, தேதிய மட்டும் மாத்துனாப் போதும்."