தொண்ணூற்றைந்துக்கு மூன்று குறைவு

ஒட்டுசுட்டான்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மருமகன் ஜனார்த்தனன் அவர்களுக்கு,

மாமா நல்லதம்பி எழுதிக்கொள்வது. நானும் மாமியும் நலம். கொழும்பில் நீங்களும் மகள் தேனுகாவும் நலமென நம்புகிறேன். உங்கள் காரின் நலம் பற்றிக் கீழே வருகிறது. தயவுசெய்து கதிரையில் இருந்து வாசியுங்கள். போனில் சொன்னால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில்தான் தபாலைப் பிடித்தேன்.

மூன்று மாதப் பயிற்சிக்குப் புறப்படும்போது கார்த் திறப்பை என் கையில் தந்து, "மாமா, இது தொண்ணூற்றைஞ்சு ஒக்டேன் பெற்றோல்தான் குடிக்கும். தொண்ணூற்றிரண்டு அடிச்சால் எஞ்சின் செத்துப்போம்" என்றீர்கள். ஒன்றரை மாதம் காரைத் துடைத்ததைத் தவிர வேறு பாவம் அறியேன். போன ஞாயிறு உடையார்கட்டில் மாமியின் தங்கச்சி மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு. "பஸ்ஸில போய் இறங்கினால் சனம் என்ன கதைக்கும்?" என்று மாமி கேட்டா. உண்மையைச் சொன்னால் கேட்டது நான்தான். மாமி சேலை மடித்துக்கொண்டிருந்தா.

போகும்போது ஒரு குறையுமில்லை. தங்கச்சி தந்த தேங்காய்களை டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பெற்றோல் முடியுதென்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது; வழியில் ஒரு பெற்றோல் செற்றில் நிறுத்தி, "தொண்ணூற்றைஞ்சு இருக்கோ?" என்று கேட்டால், பம்பில் நின்றவர், "ஐயா, அதை நான் படத்திலதான் பார்த்தனான். தொண்ணூற்றிரண்டு கிடக்கு, அடிக்கவோ?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு "அடியுங்கோ" என்றேன். திறந்தபோது தாங்கி நிறைந்திருந்தது.

காட்டுப் பாதையில் பத்து நிமிஷம் ஓடியிருக்கமாட்டோம், 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். அதுவும் அடித்தது, ஆனால் வேறு தாளம். வளைவில் திரும்பினால் றோட்டோரம் யானை! மாமி, "இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று என்னைக் கிள்ள, எனக்கு வந்த எண்ணத்தை எழுதக் கூசுகிறது, மருமகன். 'பிள்ளையாரே, உம்முடைய ஆள்தானே, நாங்கள் இறங்கி ஓடின பிறகு காரை ஒருக்கா மிதிக்கச் சொல்லும், பழி அதோடு போகட்டும்' என்று நேர்ந்தேன். யானை தும்பிக்கையைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. தொண்ணூற்றிரண்டு அதற்கும் பிடிக்கவில்லைப்போலும்.

வீட்டு வாசலில் அப்புத்துரை அண்ணை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது இந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள்களையெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக். பொனற்றைத் திறந்து, அந்தக் காலத்து வழமைப்படி வாய்வைத்து ஊதுவதற்குக் காபுரேற்றரைத் தேடினார். காணவில்லை.

"நல்லதம்பி, இவங்கள் இதுக்கு மூக்கே வைக்கேல்லையடா!" என்றார். பிறகு விரல் மடித்து, "தொண்ணூற்றைஞ்சுக்கு எத்தினை குறையுது?"

"மூண்டு, அண்ணை."

"அப்ப மூண்டு கட்டி கற்பூரம் போடு. கட்டிக்கு ஒண்டு ஏறும்."

சாமி அறையிலிருந்து எடுத்துப் பெற்றோல் தாங்கிக்குள் போட்டேன். மருமகன், நேற்றுக் காரை ஸ்ராட் பண்ணியபோது புகைக்குழாயில் கோயில் மணந்தது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டா. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அடுத்தமுறை திறப்பை என்னிடம் தராமல் போனீர்களென்றால் நான் இந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவது? தேனுகாவுக்கு மட்டும் சொல்லாதீர்கள், அவள் தாயை விடப் பொல்லாதவள்.

கார் உட்பட எல்லோருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கப் பிள்ளையாரை மன்றாடும்,
உங்கள் குற்றவாளி மாமா,
நல்லதம்பி.

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது தேனுகா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் சிரித்து முடித்து, "அப்பா, புத்தகத்தில தொண்ணூற்றைஞ்சு எண்டுதான் போட்டிருக்கு. ஆனால் அவர் வாங்கின நாளிலயிருந்து தொண்ணூற்றிரண்டுதான் அடிக்கிறவர். நீங்கள் காரைத் தொடக்கூடாது எண்டுதான் அப்பிடி வெருட்டினவர்" என்றாள். மாமி சொல்கிறா, 'டொக், டொக்' டிக்கியில் உருண்ட தேங்காயாம். பெற்றோல் அடிக்க முன்னமே உருண்டதாம். மாமி இப்போதுதான் வாய் திறக்கிறா. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொண்டேன், உங்களுடையதை எதிர்பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி மட்டும். இன்று காலையிலிருந்து கார் ஸ்ராட் ஆகுதில்லை. கற்பூரம் எத்தனை ஒக்டேன்?