மதில் தாண்டி வந்த உன் வண்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் ஒத்துழைக்கவில்லை. நீயும் வண்டிச் சோதனைக்குப் போன அவ்விடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நிற்க. இன்று மத்தியானம் உன் வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வந்ததே, மரியாதையாக வந்ததா? கேட் அகலத் திறந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு மதில் ஓரமாக வந்து நின்று, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி மதில்மேல் வைத்து, தாங்குமா தாங்காதா என்று அழுத்திப் பார்த்து, அப்புறம் அடுத்த சக்கரத்தைத் தூக்கி வைத்து, வயிறு ஒரு செங்கல்லில்கூட உரசாமல் உள்ளே இறங்கியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார், தனிக் கை, எந்தச் சக்கரம் எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் உடம்பு மட்டம் தவறாது, உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது என்று முன்பு காட்ட எடுத்து வந்தபோது மூச்சு விடாமல் அளந்தாயே, எல்லாம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு வந்து நின்றதே, அதற்கு எந்த மோட்டார் பொறுப்பு? அதுவும் எந்த இடத்தில் ஏறியது தெரியுமா? பள்ளிக்கூட நாளில் நீ ஏறிக் குதிப்பாயே, செங்கல் பெயர்ந்த அதே மூலை. "கொஞ்ச நாள் ஓட்டினா என் கைப்பழக்கம் அதுக்குப் படிஞ்சிடும்ப்பா, அப்புறம் நான் வேற அது வேற இல்ல"ன்னு நீ சொன்னபோது சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குத் துளிச் சத்தமும் கிடையாது. நான் ஓட்டின பஸ் ரெண்டு தெரு தள்ளி வரும்போதே ஊருக்குத் தெரியும். எதிர்வீட்டு நாய் தன் வாலைப் பார்த்தே குரைக்கிற ஜென்மம். அது எழுந்து பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

எதிர்வீட்டுத் தையல்காரர் கடையை விட்டு எழுந்து வந்து, "தம்பி வந்துட்டார் போல"ன்னு கை ஆட்டியிருக்கிறார். நீ திருப்பி ஆட்டவில்லையாம். "பெரிய இஞ்சினியர் ஆனதும் கை வலிக்குது போல"ன்னு என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. ஜன்னலண்டை நின்று உன்னைப் பிடிபிடியென்று பிடித்தேன். வண்டிக் கண்ணாடி மேல்பாதி கறுப்பு, உன் நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் தெரிகிறது. ஸ்டியரிங் இல்லாத வண்டி ஒரு வண்டியாடா என்றதில் ஆரம்பித்து, மாசக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதது, அம்மா போன் போட்டால் ஒரு வார்த்தையில் வைத்துவிடுவது என்று எதையும் விடவில்லை. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பரவாயில்லையே, பையனுக்குப் பொறுமை வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். அதற்குள் உன் அம்மா உனக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் எந்த எல்லைக்கு வெளியே இருப்பான்? இந்தப் போன் கம்பெனிக்காரர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

அம்மா இறங்கிப் போனாள். அவள் கிட்டே போனதும் வண்டி அந்தப் பக்கத்துச் சக்கரங்களை மடக்கி, அவள் இடுப்பு உயரத்துக்குத் தாழ்ந்து கொடுத்தது. கதவு தானாகத் திறந்தது. நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னா.

"ஏன், உன் புள்ளைய ஒண்ணு சொல்லிடக் கூடாதே!"

"உள்ள அவன் இல்ல. சட்டைதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். உன் சட்டை முழுக்க மண்ணை அடைத்து, அடியை முடிச்சுப் போட்டு, கழுத்துப் பித்தான்வரை மாட்டி, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டிருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. கை நுனியிலிருந்து வெள்ளை வெளேரென்று மண் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து மண் இல்லை அது. கதவைப் பிடித்துக்கொண்டேன், முழங்கால் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன். நல்ல சட்டைடா அது, நான் வாங்கிக் கொடுத்தது. அதில் மண்ணை அள்ளிப் போடுகிறவன் நீ ஒருத்தன்தான் இருப்பாய்.

உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். "கவலையே வேணாம் சார். வண்டி சூப்பரா ஓடிட்டிருக்கு. சீட்ல ஆள் இருக்கார், பெல்ட் போட்டிருக்கார், திரையில பச்சையா காட்டுது"ங்கிறான். அது என் வாசல்ல நிக்குதுய்யா, சீட்ல மண்ணு உக்காந்திருக்கு என்றேன். போனை யாரிடமோ கொடுத்துவிட்டான். அப்புறம் வேறொருவர் வந்து பேசினார், வயசானவர். சீட்டில் ஆள் கனம் இல்லாவிட்டால் இது ஓர் அடி நகராதாம், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். "அப்ப என் பையன் எங்கே?" "வண்டி இருக்கிற இடம்தான் எங்களுக்குத் தெரியும் சார். ஆளைத் தனியா காட்டாது. அங்க நாலு பக்கமும் வெறும் பொட்டல், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நாளைக் காலைல தேட ஆள் அனுப்பறோம்." அங்கே நீங்கள் தங்கும் முகாமைத்தான் வீடு என்று வண்டியில் பதியச் சொல்லியிருந்தார்களாம், நீ நம் வீட்டைப் பதிந்து வைத்திருக்கிறாயாம். ஆபீசில் ஒன்று சொன்னால் கேட்க வேண்டாமா? வந்த தடம் பிசகாமல் திரும்பிப் போவதுதான் இந்த வண்டியின் விசேஷம் என்றும் சொன்னார்.

உன் அம்மா சட்டையைத் தடவிக்கொண்டே, "அவன் ஏற முடியாம கிடக்கான். கைக்கு எட்டின மண்ண அள்ளிப் போட்டு, வீட்டுக்குப் போன்னு அனுப்பியிருக்கான்"ன்னா. எனக்கு வந்ததே கோபம்! "வாய மூடு, அவன் ஏதோ சோதனை பண்றான், உனக்கென்ன தெரியும் இஞ்சினியரிங்?" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்க் கேன் கேனாகத் தண்ணீர் பிடிக்கிறாள். வண்டி நம் வீட்டுப் பிளக்கிலிருந்து கரண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அது நிரம்பும்வரை கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே, இதைப் பார்த்ததும் உடனே கிளம்பி வந்து உன் வண்டியை எடுத்துக்கொண்டு போகவும். துணிக்கொடியைக் கட்டித் தரவும். தையல்காரரிடம் போய் ஒரு வார்த்தை பேசவும். உனக்கு ஒரு குறையும் வராமல், தீர்க்காயுசாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன்மேல் மகா கோபத்தில் இருக்கும்
அப்பா

பி.கு.: மேலே சொன்னது எதையும் செய்யாதே. கிளம்பாதே, நடக்க முயற்சி பண்ணாதே, இருக்கிற இடத்திலேயே இரு. வண்டி நிரம்பிவிட்டது. உன் அம்மா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா"ங்கிறாள். உன் இடத்தில் நான் உட்கார்ந்தாக வேண்டும். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறேன், பார்த்துக்கொள். சட்டையை அவிழ்த்து மண்ணைக் கொட்டத்தான் போனேன், மனசு வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் உன் கட்டிலில் கிடத்தினேன். நல்ல கனம்டா. தபாலில் போட உனக்கு எந்த முகவரி எழுதுவது? கடிதத்தைக் கையிலேயே கொண்டு வருகிறேன். நீயே உன் வாயால் இதைப் படித்து, எவ்வளவு வேணுமோ அவ்வளவு என்னைக் கேலி பண்ணு. பண்ணணும்டா, கண்ணு.