உளவியல் முதலாம் ஆண்டு, உளவு முழு நேரம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு மனைவிமேல் சந்தேகம் வந்தது, அவள் அவரைப் பாராட்டிய அன்றைக்கு.

இருபத்தாறு வருஷத்தில் நடக்காத காரியம். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்து, "இந்த நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

இருபது வருஷம் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். பாடம், சமூக உளவியல். மனுஷர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படி மசிய வைக்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பாம். அவள் சேருகிறேன் என்றபோது அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். வாரத்தில் மூன்று சாயங்காலம் டிவி ரிமோட் தன் கைக்கு வரும் என்பதும் அந்தப் பெருந்தன்மையில் கலந்திருந்தது.

"என்னத்தைக் குறிச்சே?"

"வகுப்புல குடுத்த வேலைங்க. தினம் ஒருத்தரைப் பாராட்டணும். அவங்க முகத்துல என்ன தெரியுதுன்னு எழுதணும்."

"என் முகத்துல என்ன தெரிஞ்சுது?"

"பயம்."

பதில் நம்பும்படி இருந்தது. அதனாலேயே அவர் நம்பவில்லை.

கடைக்குப் போனதும், லென்ஸ் தேய்ப்பவரிடம் விஷயத்தைக் கொட்டினார். லென்ஸ் தேய்ப்பவர் பதினைந்து வருஷமாக அவருடைய கடையில் இருப்பவர். வேலை நிற்காமலேயே காது கொடுப்பவர்.

"உளவியல்னா என்னய்யா?"

"மனசைப் பத்தின படிப்புங்க."

"தப்பு. பிரிச்சுப் பாரு. உளவு, இயல். உளவு பாக்கிறதுக்குப் பட்டம் குடுக்கிறாங்கய்யா."

"உங்களை உளவு பாத்து அவங்களுக்கு என்னங்க கிடைக்கப் போகுது? உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது ஏதாவது மிச்சம் இருக்கா?"

அந்தக் கேள்வி கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வகுப்புக்குக் கிளம்பியதும் பாடப் புத்தகத்தை எடுத்தார். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர் தன் கண்ணாடியைத் தேடக் கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் அத்தியாயத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. படித்தார். ஒருவரிடம் பெரிய உதவி வேண்டுமா, முதலில் மறுக்க முடியாத சின்ன உதவி ஒன்றைக் கேள். சின்னதுக்குச் சரி என்றவர் பெரியதுக்கும் சரி என்பார். ஓரத்தில் பென்சிலால், மனைவியின் அழகான கையெழுத்தில், 'வீட்டில் செய்து பார்க்க' என்று எழுதியிருந்தது.

அவ்வளவு போதும் என்று புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். அந்த இடத்தில் நின்றபடியே சபதமும் எடுத்தார். இனி சின்ன உதவி எதையும் செய்வதில்லை. வேரிலேயே வெந்நீர் ஊற்றிவிடுவது.

மறுநாள் காலை, அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் எடுங்க."

"முடியாது."

"உங்க கைக்குப் பக்கத்துலதானே இருக்கு."

"இருக்கட்டும். இது கரண்டியோட நிக்காது."

"வேற எதோட நிக்கும்?"

"அது உனக்கே தெரியும்."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு வந்து தானே கரண்டியை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் நோட்டைத் திறந்தாள்.

அதன்பின் வீடு போர்க்களம் ஆயிற்று, ஒரு பக்கத்துக்கு மட்டும். மின்விசிறியைப் போடச் சொன்னாள், போடவில்லை. வியர்வையில் இருவரும் நனைந்தார்கள். அழைப்பு மணி அடித்தபோது யாரென்று பார்க்கச் சொன்னாள். அவர் செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஈரக் கையோடு வாசலுக்கு வருவதற்குள் குழாய் ரிப்பேர்காரர் போயேவிட்டார். அவர் மறுபடி வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் கடைக்காரர் வாளியில் தண்ணீர் சுமந்து குளித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிடச் சொல்லிக் கேட்கவும் பயம். தான் கேட்டால் அவளும் கேட்பாளே. ஆனாலும் கொள்கையை அவர் விடவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என் தம்பி நம்ம வீட்டுல வந்து தங்கணும்ங்கறான். ஒரு ஆறு மாசம்."

கடைக்காரருக்கு மச்சானைக் கண்டால் ஆகாது. குடும்பத்தில் அவனுக்கு ஆலோசகர் என்று பெயர். போன தடவை இரண்டே நாள்தான் இருந்தான். அதற்குள் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டினான். அன்றிலிருந்து அது துவைக்கும்போது குளியலறையிலிருந்து கூடம் வரை நடந்து வருகிறது. கடைக்கும் வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே, வந்த வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் கேரட் சாப்பிட்டால் கண்ணாடியே தேவையில்லை என்றான்.

கடைக்காரர் யோசித்தார். சின்ன உதவி எதுவும் முன்னால் வரவில்லை. வாசலில் கால் வைக்காமல் நேரே கூடத்தில் குதிக்கிறாள். பாடம் சரியாக ஏறவில்லை, பாவம்.

"ஆறு மாசம் முடியாது. ஆறு நிமிஷம்னு குறைச்சுக் கேட்டாலும் முடியாது."

அவள் முகம் வாடிவிட்டது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"நீங்க சொல்றதும் நியாயம்தாங்க. ஆறு மாசம் அதிகம். அவன் வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்களாம். அது முடியற வரைக்கும் ஒரு ரெண்டு வாரம்?"

ஆறு மாசம் எங்கே, இரண்டு வாரம் எங்கே. எதிரியை இவ்வளவு தூரம் பின்வாங்க வைத்தபிறகும் அடிப்பது ஆண்மையில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"ரெண்டு வாரம்னா வரட்டும். மாடி அறையை நானே ஒழிச்சுத் தர்றேன்."

திங்கட்கிழமை கடையில் இந்த வெற்றியை விஸ்தாரமாகச் சொன்னார். லென்ஸ் தேய்ப்பவர் கடைசி வரை கேட்டார்.

"அப்போ மச்சான் வர்றாருங்க."

"ரெண்டே வாரம்யா."

"நேத்துக் காலையில எத்தனை வாரமா இருந்துச்சு?"

கடைக்காரர் தலைவலி என்று சொல்லி நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். புத்தகத்தை எடுத்து, இந்தத் தடவை நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார். முதலில் கட்டாயம் மறுக்கப்படும் பெரிய உதவியைக் கேள். மறுத்தவர் மனம் இளகியிருக்கும்போது உனக்கு உண்மையில் வேண்டியதைக் கேள். தருவார்.

படித்து முடித்து நிமிர்ந்தால், மனைவி வாசற்படியில் நிற்கிறாள்.

"நாலாவது அத்தியாயத்தை என்மேலேயே போட்டுப் பாத்துட்டே, இல்ல?"

"நாலாவதா? அது எங்களுக்கு அடுத்த மாசம்தாங்க நடத்துவாங்க. மூணாவதைத்தான் செஞ்சு பாத்தேன். நீங்க ஒரு கரண்டியைக்கூட எடுத்துத் தரலை. சரி, படிப்பு உதவாதுன்னு பழையபடியே கேட்டுட்டேன்."

"பழையபடின்னா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து கேக்கிற மாதிரிங்க."